மட்டக்களப்புக்கு இடம்மாறும் பெற்றோருக்கு: வீட்டையும் பாடசாலையையும் சேர்த்துப் பாருங்கள்

பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டல் பணியில் நீண்ட காலமாக இருப்பதால், வெளிமாவட்டங்களிலிருந்து மட்டக்களப்புக்கு இடமாற்றம் பெற்றுவரும் குடும்பங்களின் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன். வங்கி உத்தியோகத்தர்கள், வைத்தியர்கள், விரிவுரையாளர்கள், பொறியியலாளர்கள் என்று பலரும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் இங்கு வருகிறார்கள். அவர்களில் ஒரு சாரார் கேள்விப்பட்ட பாடசாலை ஒன்றில் இடம் எடுத்துவிட்டு, கையில் அகப்பட்ட வாடகை வீட்டில் குடியேறுகிறார்கள். இன்னொரு சாரார் தமது அலுவலகத்துக்கு அருகே வீட்டை எடுத்துவிட்டு, பாடசாலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் சுமை பிள்ளையின் தலையில்தான் வந்து விழுகிறது. வீடு, பாடசாலை, இரண்டுக்கும் இடையிலான பாதை ஆகிய மூன்றையும் ஒரே முடிவாக எடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது.

நகரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். மட்டக்களப்பு நகரம் கடலுக்கும் வாவிக்கும் இடையே துண்டு துண்டாகக் கிடக்கிறது. புளியந்தீவு பெயருக்கேற்பத் தீவு. கோட்டைமுனைப் பக்கத்துடன் அதைப் பாலங்களே இணைக்கின்றன. கல்லடி, நாவற்குடா, அதற்கப்பால் காத்தான்குடி, ஆரையம்பதி என்று தெற்கே நீளும் கரையிலிருந்து நகருக்குள் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கல்லடிப் பாலத்தைக் கடந்தே வர வேண்டும். 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1820 இல் தொடங்கிய வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை, 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி முதலான பழம்பெரும் பாடசாலைகள் புளியந்தீவையும் கோட்டைமுனையையும் சுற்றியே அமைந்துள்ளன. ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம், கல்லடி உப்போடையில், 1929 இல் தொடங்கிய சிவானந்தா வித்தியாலயம் இருக்கிறது. கல்லடியில் வீடு எடுத்துவிட்டு, அருகிலிருக்கும் பாடசாலைகளுக்குள் ஒருமுறை கூடக் கால் வைத்துப் பார்க்காமல், தினமும் காலையில் பாலத்து நெரிசலுக்குள் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பலரை எனக்குத் தெரியும்.

தரம் 8 இல் கற்ற ஒரு மாணவியை உதாரணத்துக்குச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். தந்தைக்கு வந்தாறுமூலையில் வேலை என்பதால் குடும்பம் அதற்கு அருகே செங்கலடிப் பக்கம் குடியேறியது. பிள்ளைக்கோ நகரப் பாடசாலையொன்றில் இடம் கிடைத்திருந்தது. வந்தாறுமூலையிலிருந்து நகருக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர். பெரிய தூரமென்று சொல்ல முடியாது. இருந்தாலும் வழிநெடுக மற்றப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வரும் வானில் முதலாவதாக ஏறுபவளும் கடைசியாக இறங்குபவளும் அவள்தான். பாடசாலை முடிந்து வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது என்பதால், பின்னேர ரியூசன் தொடங்கும்வரை ஒரு தோழியின் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருப்பாள். "சேர், பிள்ளை கெட்டித்தனமா இருந்தவள், இங்க வந்த பிறகு புத்தகத்தைத் தொடுறாளே இல்லை" என்று தாய் என்னிடம் முறையிட்டபோது, நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: விடியற்காலையிலிருந்து படுக்கைக்குப் போகும்வரை பிள்ளையின் ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதித் தாருங்கள். எழுதி முடித்துவிட்டுத் தாய் சற்று நேரம் பேசவில்லை. அந்தத் தாளில் பிள்ளை ஆறுதலாகச் சாப்பிடுவதற்கே நேரம் இருக்கவில்லை. அடுத்த தவணைக்குள் அவர்கள் நகரை அண்டிய ஊறணிப் பக்கம் வீடு மாறினார்கள். தந்தை தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறார். தூரத்தைச் சுமக்க வேண்டியவர் வளர்ந்தவர் என்பது என் உறுதியான கருத்து.

இடமாற்றக் கடிதம் எந்த மாதத்தில் வருகிறது என்பது நமது கையில் இல்லாவிட்டாலும், பிள்ளை எந்தத் தரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவுகள் வேறுபட வேண்டும்.

தரம் 1 அனுமதிக்குக் கல்வி அமைச்சு ஒவ்வோர் ஆண்டுக்கும் சுற்றறிக்கை வெளியிடுகிறது. பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர், பழைய மாணவர்களின் பிள்ளைகள், ஏற்கெனவே அங்கு கற்கும் பிள்ளைகளின் சகோதரர் என்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. சேவை அவசியத்தின்பேரில் இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. தனியார் நிறுவனங்களில் வேலை செய்வோர் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்கள். அவர்கள் அண்மையில் வசிப்போர் என்ற பிரிவிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்தப் பிரிவில் வாக்காளர் இடாப்புப் பதிவும் வீட்டுக்கான ஆவணமும் புள்ளிகளைத் தீர்மானிக்கின்றன. விண்ணப்பிக்கும் பாடசாலையை விட வீட்டுக்குக் கிட்டிய வேறு பாடசாலைகள் இருந்தால் புள்ளிகள் குறையும். ஆகவே இரண்டு மூன்று வயதுப் பிள்ளையுடன் வருகிறவர்கள் வந்த ஆண்டிலேயே கிராம உத்தியோகத்தரிடம் சென்று வாக்காளராகப் பதிந்துகொள்வது அவசியம். வீட்டுக்காரர்கள் சிலர், வாடகைக்கு இருப்பவரின் பெயர் தமது வீட்டு இலக்கத்தில் பதிவதை விரும்புவதில்லை. வாடகை பேசும்போதே இதைத் தெளிவாகப் பேசி, உடன்படிக்கையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐந்தாவது வயதில் ஓடித்திரிவதால் பயனில்லை.

தரம் 4, 5 இல் படிக்கும் பிள்ளையை, முடியுமானால், புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை நகர்த்தாதிருப்பது நல்லது. அதன் பெறுபேற்றைக் கொண்டே தரம் 6 இல் புதிய ஊர்ப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆயினும் அந்த ஒரு பரீட்சைக்காகத் தாயும் பிள்ளையும் ஓர் ஊரிலும் தந்தை இன்னோர் ஊரிலும் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருப்பதை நான் ஆதரிப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குத் தந்தையின் அருகாமையை ஈடுசெய்யும் புள்ளி எதுவும் கிடையாது.

பெற்றோர் அதிகம் கவனிக்கத் தவறுவது தரம் 10 ஐ. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு கட்டாயப் பாடங்களுடன் மூன்று தொகுதிப் பாடங்களையும், அதாவது பாடத் தொகுதிகளிலிருந்து தெரிவுசெய்யும் பாடங்களையும், பிள்ளை எடுக்கிறது. முன்னைய பாடசாலையில் நடனத்தையோ நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தையோ தகவல் தொழினுட்பத்தையோ எடுத்த பிள்ளைக்கு, புதிய பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாதிருக்கலாம். அல்லது கால அட்டவணையில் பொருந்தாதிருக்கலாம். பரீட்சைக்கு ஓராண்டு இருக்கையில் பாடம் மாற்றிய பிள்ளைகள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதிபரைச் சந்திக்கும்போது "இடம் இருக்கிறதா" என்ற கேள்வியோடு நிறுத்திவிடாமல், பிள்ளையின் ஒன்பது பாடங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருமொழிக் கற்கையில் படித்த பிள்ளையானால் அதையும் கேட்க வேண்டும். எல்லாப் பாடசாலைகளிலும் அந்தப் பிரிவு இல்லை.

உயர்தரத்துக்கு வந்தால் பாடசாலையின் வகை முக்கியம். விஞ்ஞானப் பிரிவு நடைபெறுவது 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே. 1சி வகையில் கலை, வணிகப் பிரிவுகள் இருக்கும். இன்னொரு விடயமும் உண்டு. கலைத்துறை நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளில் அகில இலங்கைத் திறமை அடிப்படைக்கு நூற்றுக்கு 40, மாவட்டக் கோட்டாவுக்கு 55, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்ற அடிப்படையில் பல்கலைக்கழக இடங்கள் பகிரப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. பிள்ளை எந்த மாவட்டத்தவராகக் கணிக்கப்படுவார் என்பதற்கு, பரீட்சைக்கு முந்தைய ஆண்டுகளில் அவர் கற்ற பாடசாலைகள் பார்க்கப்படும். உயர்தரம் தொடங்கிய பிறகு மாவட்டம் விட்டு மாவட்டம் மாற்றுவதற்கு முன்னர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

தரம் 1, தரம் 6 தவிர்ந்த இடைப்பட்ட வகுப்புகளில் வெற்றிடம் இருந்தால், மாகாணப் பாடசாலைகளுக்கு வலயக் கல்வி அலுவலகத்தின் ஊடாகவும் தேசிய பாடசாலைகளுக்குக் கல்வி அமைச்சின் ஊடாகவும் அனுமதி பெற வேண்டும். மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா என ஐந்து வலயங்கள் உள்ளன. நீங்கள் வீடு பார்க்கும் இடம் எந்த வலயத்துக்குரியது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தைப் புதிய இடம் எழுத்தில் உறுதியாகும்வரை எடுக்க வேண்டாம்.

இனி வீடு. ஆடி, ஆவணியில் வீடு பார்ப்பவர்களுக்கு இங்குள்ள எந்த ஒழுங்கையும் வெண்மணலும் வேப்பமர நிழலுமாக அழகாகவே தெரியும். வடகீழ்ப் பருவமழை கார்த்திகையில் பிடித்து மார்கழி, தையில் உச்சமடையும்போதுதான் அந்தக் காணியின் உண்மையான உயரம் தெரியவரும். வாவியோரத் தாழ்நிலங்களிலும், வயலை நிரப்பி எழுப்பிய குடியிருப்புகளிலும் நாட்கணக்கில் நீர் நிற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்கள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்கலாம். நான் வீடு பார்க்கப் போகிறவர்களிடம் மதிலின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்கச் சொல்வதுண்டு. புதிதாக வெள்ளை பூசியிருந்தாலும், பக்கத்துக் காணி மதிலிலும் குளியலறைப் பின்சுவரிலும் பழுப்பான நீர்க்கோடு ஒன்று அப்படியே இருக்கும். கடற்கரைப் பக்கம் குடியேறுபவர்கள் 2004 டிசம்பர் 26 சுனாமியை மனதில் வைத்து, பிரதான வீதிக்கு ஓடிச் செல்லும் பாதை எது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே நடந்து காட்டிவிட வேண்டும்.

குழாய்நீர் வருகிறதா, கிணற்று நீர் உவர்ப்பா, கிணற்றுக்கும் மலசலக்குழிக்கும் இடையே போதிய தூரம் உண்டா என்பவற்றையும் பாருங்கள். மணற்பாங்கான நிலத்தில் இது சிறிய விடயமல்ல.

வெளியூரவர்கள் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கு பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோரின் கடமையாகக் கருதப்படுகிறது. மகளுக்கென்று கட்டிய வீட்டை, அவளுக்குக் கல்யாணம் பேசி வரும்வரை வாடகைக்கு விடுவார்கள். நல்ல வீடு, நல்ல அயல், நியாயமான வாடகை என்று குடியேறி, பாடசாலையையும் அதற்கேற்பப் பார்த்து ஓராண்டு முடிவதற்குள், "மகளுக்குச் சரிவந்திட்டுது, வீட்டை விட்டுத் தாங்க" என்று கேட்டால் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அது அவளுடைய வீடு. ஆனால் வாடகை பேசும்போதே வீட்டுக்கார அம்மாவிடம் இதை மரியாதையாகக் கேட்டு, குறைந்தது பிள்ளையின் கல்வியாண்டு முடியும்வரை அவகாசம் தரப்படும் என்று உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலானோர் மறுப்பதில்லை.

கடைசியாக, வந்து சேர்ந்த முதல் தவணை. யாழ்ப்பாணத்துப் பேச்சோடும் மலையகப் பேச்சோடும் வகுப்பில் வாய்திறக்கும் பிள்ளையைச் சக மாணவர்கள் கேலி செய்வது நடக்கிறது. பெரியவர்களுக்கு அது விளையாட்டாகத் தெரியலாம். பிள்ளை அதன்பிறகு கையை உயர்த்துவதையே நிறுத்திவிடும். புள்ளி குறைந்ததும் இன்னொரு ரியூசனில் சேர்க்கும் அவசரத்துக்கு முன்னர், இடைவேளையில் யாருடன் சாப்பிடுகிறாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். "ஒருத்தரும் இல்லை" என்ற பதில் இரண்டு வாரத்துக்கு மேலும் தொடர்ந்தால், வகுப்பாசிரியரையும் பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரையும் நேரில் சந்தியுங்கள். முறைப்பாடாக அன்றி, உதவி கேட்டு வாருங்கள். பக்கத்து இருக்கையை மாற்றுவதாலும், அயலில் வசிக்கும் ஒரு பிள்ளையைக் கூடப் போகச் சொல்வதாலும் தீர்ந்துபோன பிரச்சினைகள் ஏராளம். ஒரே ஒழுங்கையிலிருந்து ஒரே பாடசாலைக்குச் சைக்கிளில் போகும் இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கும் அயலைத் தேடச் சொல்வதும் இதனால்தான்.