பூஸ்ட் ஏற்றுவதற்கு முன் பிரீதர் ஹோஸைப் பாருங்கள்

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றை வாங்கி மெல்ல மெல்லத் தேற்றிக்கொண்டிருக்கும் பையன்கள் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்பது ஈசியூ ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி பவரைக் கூட்டுவது. அடுத்தது நீலக் கலர் சிலிக்கான் ஹோஸ் செட். அந்த 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அடியில் ஒளிந்திருக்கும், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பிரீதர் ஹோஸ்களைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. இத்தனை வருடச் சூட்டில் வெந்து, கை பட்டாலே பிஸ்கட் மாதிரி நொறுங்கும் நிலையில் அவை இருக்கும்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டி க்ராங்க்கேஸுக்குள் (எஞ்சினின் அடிப்பகுதி அறை) இறங்கத்தான் செய்யும். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், கூடினால் இதுவும் கூடும். அதோடு ஆயில் ஆவி, ஈரம், எரியாத பெட்ரோல் எல்லாம் கலந்திருக்கும். ஐடிலிங்கில் மேனிஃபோல்டில் இருக்கும் வேக்யூம் இதை ஒருவழி வால்வு மூலமாக இழுத்துக்கொள்ளும். பூஸ்ட் வந்ததும் அந்த வால்வு மூடிக்கொள்ளும். வாயு டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்குப் போகும்.

வால்வு மூடாவிட்டால்தான் வம்பு. பூஸ்ட் அழுத்தம் நேராக க்ராங்க்கேஸுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக் மேலே எழும்பும்; வால்வு கவர் கேஸ்கட்டும் க்ராங்க் பின்பக்க ஆயில் சீலும் கசியும். டர்போவிலிருந்து ஆயில் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) திரும்புவது தானாக வழிந்துதான். கீழே அழுத்தம் இருந்தால் அது இறங்காமல் தேங்கி, சீலைத் தாண்டி, சைலன்சரில் நீலப் புகையாக வெளிவரும். உடனே “டர்போ போச்சு” என்று தீர்ப்பு! அதற்கு முன் அந்தச் சின்ன வால்வைக் கழற்றி, ஒரு சுத்தமான குழாயைச் சொருகி ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது.

ஹோஸ் விஷயத்தில் கலரைப் பார்க்காதீர்கள், எதனால் ஆனது என்று கேளுங்கள். சாதாரண சிலிக்கான் சூட்டைத் தாங்கும். ஆயிலையும் பெட்ரோல் ஆவியையும் தாங்காது. பிரீதரில் போட்டால் ஊறி உப்பி, வெளியே பிசுபிசுவென வியர்க்கும். அந்த இடத்துக்கு நைட்ரைல் ரப்பர், அல்லது உள்ளே ஃப்ளூரோசிலிக்கான் பூச்சுள்ள ஹோஸ். ஹீட்டர் ஹோஸை வெட்டிப் போடுவதும் தப்பு, அது கூலன்ட்டுக்காகச் செய்தது. வேக்யூம் லைனுக்குச் சுவர் தடிமனானதாக வாங்குங்கள்; மெலிந்தது உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். க்ளாம்பும் முக்கியம்: டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸுக்கு, போல்ட் போட்டு இறுக்கும் பட்டையான டி-போல்ட் க்ளாம்ப் நல்லது. துளை வெட்டிய சாதாரண ஸ்க்ரூ க்ளாம்ப் மென்மையான சிலிக்கானை அறுத்துவிடும்.

கேட்ச் கேன், அதாவது பிரீதர் வாயுவிலிருந்து ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா? போடலாம். ஆயில் ஆவி சிலிண்டருக்குள் போனால் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டுவது) சீக்கிரம் வரும். அதைத் தடுக்கத்தான் இது. ஆனால் உள்ளே தடுப்புத் தகடோ கம்பி வலையோ இல்லாத வெறும் டப்பாவால் பெரிய பயன் இல்லை. டர்போவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆவி குளிராமல் அப்படியே தாண்டிப் போய்விடும். ஒரிஜினல் குழாயைவிடச் சிறிய ஹோஸைச் செருகுவது மூச்சைப் பிடித்து அழுத்துவதுதான். நடுவில் தொங்கும் வளைவு இருந்தால் அங்கே நீர் தேங்கும்.

சிலர் பிரீதரை அப்படியே வெளியே திறந்து விடுகிறார்கள். க்ராங்க்கேஸ் வாயு வெளியே போகக் கூடாது என்பது மாசு விதி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ரோட்டில் ஓடும் காருக்கு நான் இதைச் செய்து தருவதில்லை.

ஊட்டி மாதிரி குளிரில் கொஞ்ச தூரமே ஓடும் வண்டி என்றால் கேனில் மோர் நிறத் தண்ணீர் சேரும், பயப்பட வேண்டாம். கறுப்பு ஆயிலாகவே சீக்கிரம் நிறைந்தால், அப்புறம் பெரிய கேன் தேடாமல் லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். காற்றுச் சீறல் ஆயில் மூடி வழியாகக் கேட்டால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு.