ப்ரீஎம்ப்ஷன்: முன்தடுப்பு அல்ல, விஞ்சல்

அமெரிக்க ஏ.ஐ. சட்டங்களைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் "முன்தடுப்பு" என்ற சொல்லும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூட்டரசின் சட்டம் மாநிலச் சட்டத்தைச் செல்லாததாக்குவதைக் குறிக்கும் 'ப்ரீஎம்ப்ஷன்' (preemption) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதைத்தான் ஈடாக வைக்கிறார்கள். "மாநிலங்களின் ஏ.ஐ. சட்டங்களை முன்தடுக்க வாஷிங்டன் திட்டம்" என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? மாநிலங்கள் இனிமேல்தான் சட்டம் போடப் போகின்றன, அதற்குள் வாஷிங்டன் குறுக்கே கை நீட்டுகிறது என்றுதான். ஆனால் கொலராடோ 2024 மே மாதமே ஏ.ஐ. சட்டம் போட்டுவிட்டது. கலிபோர்னியாவின் ஏ.ஐ. சட்டமான எஸ்.பி. 53-இல் ஆளுநர் 2025 செப்டம்பர் 29 அன்று கையெழுத்திட்டார். போட்டு முடித்த சட்டத்தை எப்படி 'முன்' தடுப்பது?

சொல்லின் பிறப்பு சிறு கதைதான். லத்தீனில் 'ப்ரே' என்றால் முன், 'எமெரே' என்றால் வாங்கு. ஆக முன்வாங்கல். 1841-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய ப்ரீஎம்ப்ஷன் சட்டம் நேராக இந்தப் பொருளில்தான் பேசியது: அரசு நிலத்தில் ஏற்கெனவே குடியேறியவர், அது பொது விற்பனைக்கு வருமுன் 160 ஏக்கர் வரை, ஏக்கர் 1.25 டாலருக்குத் தாமே வாங்கிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்து மரபுச் சட்டமான தேசவழமையில் உடன்பங்காளர் முதலில் வாங்கும் உரிமைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அங்கெல்லாம் 'முன்' பொருத்தம். பிறகு "அடுத்தவர் கைவைக்க முடியாதபடி இடத்தைப் பிடித்துக்கொள்வது" என்று பொருள் விரிந்து, மூன்று கிளையாகப் போனது. போரில், எதிரி அடிக்குமுன் அடிப்பது. கணினியில், ஓடிக்கொண்டிருக்கும் பணியை நிறுத்திவிட்டுச் செயலியை இன்னொரு பணிக்குக் கொடுப்பது. சட்டத்தில், மேலே உள்ள அரசின் சட்டம் கீழே உள்ள அரசின் சட்டத்தைச் செல்லாக்காசு ஆக்குவது.

முன்தடுப்பு என்பது போர்க்கிளையில் ஒடித்துச் சட்டக்கிளையில் ஒட்டிய சொல். "மூலத்தில் 'ப்ரீ' இருக்கிறதே" என்று வாதாடுகிறார்கள். இருக்கிறது. ஆனால் கூட இருப்பது 'வாங்கு', 'தடு' இல்லையே. முன்னொட்டுக்கு மட்டும் விசுவாசமாக இருந்துவிட்டு வினையை விட்டெறிவது என்ன நேர்மை? மூலத்தை அப்படியே பிடிப்பதென்றால் 'முன்வாங்கல்' என்று எழுதிவிட்டுப் போங்கள். யாருக்கும் புரியாது, தவறாகவாவது புரியாமல் இருக்கும்.

சட்டப்பொருளில் முன்பின் என்ற காலக்கணக்கே கிடையாது. அமெரிக்க அரசமைப்பின் 6-ஆம் பிரிவு கூட்டரசுச் சட்டத்தை நாட்டின் உச்சச் சட்டம் என்கிறது. மாநிலச் சட்டம் முந்தி வந்ததா பிந்தி வந்ததா என்பது கேள்வியே இல்லை. யார் மேலே என்பதுதான் கேள்வி.

'தடுப்பு'ம் சரியில்லை. 2025 மே மாதம் பிரதிநிதிகள் அவை 215-க்கு 214 என்ற கணக்கில் நிறைவேற்றிய மசோதாவைப் பாருங்கள். ஏ.ஐ. மாதிரிகளை, ஏ.ஐ. அமைப்புகளை, தானியங்கி முடிவெடுப்பு அமைப்புகளை முறைப்படுத்தும் எந்தச் சட்டத்தையும் மாநிலங்கள் 10 ஆண்டுகளுக்குச் 'செயல்படுத்த'க் கூடாது என்பதே அதிலிருந்த வினை. இயற்றக் கூடாது என்று இல்லை. இயற்றியது ரத்து என்றும் இல்லை. மாநிலச் சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கும், பல் மட்டும் இருக்காது. பத்தாண்டு கழிந்தால் அதே சட்டம் எழுந்து நடக்கும். இதில் எதைத் தடுப்பு என்பது, எதை நீக்கம் என்பது?

சிலர் 'முன்னுரிமை' என்கிறார்கள். கொஞ்சம் தேவலை, ஆனாலும் இடறுகிறது. முன்னுரிமை என்றால் வரிசை என்று ஒன்று உண்டு. முதலில் நிற்பவருக்குப் பிறகு அடுத்தவருக்கும் முறை வரும். இங்கே மேலே உள்ள சட்டம் நிற்கும்வரை கீழே உள்ள சட்டத்துக்கு முறையே வராது.

'மேலோங்கல்' நல்ல சொல், பொருளும் பொருந்துகிறது. சிக்கல் இலக்கணத்தில். மேலோங்கு என்பது செயப்படுபொருள் ஏற்காத வினை. "கூட்டரசுச் சட்டம் மேலோங்கும்" என்று சொல்லலாம். "மேலோங்கப்பட்ட மாநிலச் சட்டம்" என்று சொல்ல வழியில்லை. சட்ட உரையை மொழிபெயர்ப்பவருக்குப் பாதி வாக்கியங்களில் தேவைப்படுவது அந்தப் பாதிக்கப்பட்ட சட்டத்துக்கான அடைதான்.

ஆகவே 'விஞ்சல்'. "அவரை விஞ்ச ஆளில்லை" என்பது எல்லோர் வாயிலும் இருக்கும் பேச்சு. இன்னதை விஞ்சும், விஞ்சிய சட்டம், விஞ்சப்பட்ட சட்டம், விஞ்சு விதி என்று எந்தப் பக்கம் திருப்பினாலும் வளைகிறது. திறமையில் மிஞ்சுவதைத்தானே அது குறிக்கும் என்பது இதற்கு எதிரான ஒரே நல்ல வாதம். சட்டம் எழுவாயாக நிற்கும்போது அந்த ஐயம் எழாது. முதல் இடத்தில் 'சட்ட விஞ்சல்' என்று முழுதாக எழுதிவிட்டால் பிறகு 'விஞ்சல்' போதும்.

வகைகளும் இதில் சிரமமில்லாமல் அமைகின்றன. காங்கிரஸ் தன் சட்டத்திலேயே எழுதி வைத்தால் வெளிப்படை விஞ்சல். எழுதாவிட்டாலும் இரண்டு சட்டத்துக்கும் ஒருசேரக் கீழ்ப்படிய முடியாது என்றாலோ, மாநிலச் சட்டம் கூட்டரசுச் சட்டத்தின் நோக்கத்துக்குக் குறுக்கே நின்றாலோ முரண் விஞ்சல். ஒரு துறையையே கூட்டரசுச் சட்டம் அடைத்துக்கொண்டிருந்தால் துறை விஞ்சல். 2012-இல் அரிசோனா வழக்கில் வெளிநாட்டினர் பதிவு பற்றிய மாநில விதி வீழ்ந்தது இந்த வகையில்தான். ஏ.ஐ. துறையை அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் கூட்டரசுச் சட்டம் ஒன்று இருந்தால்தானே இந்த வாதம் எடுபடும்? அதனால்தான் வெளிப்படை விதி ஒன்றை எழுதி வாங்கிவிட இவ்வளவு முட்டிமோதல்.

விஞ்சல் எப்போதும் முழு விஞ்சல் என்றும் எண்ண வேண்டாம். 1996-இல் வந்த ஹிப்பா சட்டத்தின் நோயாளித் தகவல் விதிகள் கீழ்வரம்பு மட்டுமே போடுகின்றன. அதைவிடக் கறாரான மாநிலச் சட்டம் நிற்கும். ஏ.ஐ. நிறுவனங்கள் கேட்பது மேல்வரம்பு, அதாவது மாநிலம் இதற்கு மேல் போகக் கூடாது என்பது. எந்த வரம்பு என்று பார்க்காமல் மொழிபெயர்த்தால் சொல் சரியாக இருந்தும் செய்தி தலைகீழாகும்.

எழுவாயையும் பார்க்க வேண்டும். 2025 டிசம்பர் 11 அன்று வந்த நிர்வாக ஆணையை வைத்து "மாநிலச் சட்டங்களை அதிபர் முன்தடுத்தார்" என்று எழுதுவது இரட்டைப் பிழை. அந்த ஆணை மாநிலச் சட்டங்கள் மீது வழக்குப் போட நீதித்துறை அமைச்சகத்தில் ஒரு குழு அமைக்கச் சொல்கிறது, சுமையான மாநிலச் சட்டங்களைப் பட்டியலிட வணிகத் துறையைப் பணிக்கிறது, அகலப்பட்டை இணைய நிதியின் ஒரு பகுதியை நிபந்தனையாக்குகிறது, விஞ்சும் சட்டம் ஒன்றுக்குக் காங்கிரஸுக்குப் பரிந்துரை தயாரிக்கச் சொல்கிறது. ஆணை தானாக எதையும் விஞ்சாது. விஞ்சுவதற்குச் சட்டம் வேண்டும்.

கலிபோர்னியா செய்திருப்பதைப் பார்த்தால் 'மத்திய அரசின் முன்தடுப்பு' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்களுக்கு வேர்த்துவிடும். எஸ்.பி. 53-க்குள்ளேயே ஒரு விஞ்சு விதி இருக்கிறது. பெரும் ஏ.ஐ. மாதிரிகளைக் கட்டுவோர் பேரழிவு அபாயத்தைக் கையாள்வது குறித்து, 2025 ஜனவரி 1 முதல் நகரங்களும் கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) போடும் விதிகளை அது விஞ்சுகிறது. மேலே வாஷிங்டன் தன்னை விஞ்சக் கூடாது என்று நிற்கும் மாநிலம், கீழே தன் நகரங்களை விஞ்சிக்கொள்கிறது.

இந்த ஒரு சொல்லோடு போனால் பரவாயில்லை. அமெரிக்க மாநிலங்களை 'மாகாணம்' என்பது இன்னும் விடவில்லை. மாகாணம் கனடாவுக்கும் இலங்கைக்கும் பொருந்தும். அரசமைப்பு, உச்ச நீதிமன்றம், காவல்படை எல்லாம் சொந்தமாக வைத்திருக்கும் கொலராடோ மாநிலம்தான். அதை 'பிராந்தியம்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், என்னவோ அது ஒரு வானிலை மண்டலம் போல.

'மொரட்டோரியம்' என்பதற்கு வைக்கும் 'தடைக்காலம்' இன்னொன்று. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை வீசுபவர் நிறுத்த வேண்டும் என்று பொருள். அதே சொல்லை வைத்து "ஏ.ஐ.க்கு 10 ஆண்டு தடைக்காலம்" என்று தலைப்பிட்டால், ஏ.ஐ.யை நிறுத்தச் சொல்கிறார்கள் என்றுதானே படும்? அங்கே நிறுத்தச் சொன்னது மாநிலங்களின் சட்டக்கையை. 2025 ஜூலை 1 அன்று செனட் அந்தப் பகுதியை 99-க்கு 1 என்று வெட்டியெறிந்தபோது, தலைப்பில் இருந்திருக்க வேண்டியது இதுதான்: "மாநில ஏ.ஐ. சட்டங்களை 10 ஆண்டு முடக்கும் விதி நீக்கம்."