பென்சில் முனை உடைந்ததற்கா இவ்வளவு கோபம்?

கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லயன் வீடு என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா இன்னும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுப்பாடம் எழுதும் எட்டு வயதுப் பையனின் பென்சில் முனை உடைகிறது. "வேற எடுத்துக்கோ சாமி" என்கிறாள். அவ்வளவுதான். நோட்டு கிழிகிறது, டம்ளர் பறக்கிறது, தடுக்க வந்த அக்கா கையில் பல் பதிகிறது. இருபது நிமிடம் கழித்து அதே பையன் அம்மா மடியில் முகம் புதைத்துத் தேம்புகிறான்.

"ரெண்டு போட்டா அடங்கிடுவான்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். மந்திரித்துத் திருநீறு போடச் சொல்வார் பாட்டி. இரண்டு மூன்று வயதில் தரையில் விழுந்து புரள்வது எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ளதுதான். ஆறு வயதைத் தாண்டியும் இப்படி அடிக்கடி வெடித்தால் அதைச் சேட்டைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அது ஒரு கோபக் கோளாறாகவும் இருக்கலாம்.

மூளையின் பக்கவாட்டில், உள்ளே, அமிக்டலா என்றொரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. அது உசுப்பினால் அட்ரினலின் சுரந்து, இதயம் படபடத்து, கை கால் சண்டைக்குத் தயாராகிவிடும். 'பென்சில்தானே, விடு' என்று அடக்குவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. அது முழுசாக முதிர இருபத்தைந்து வயதுவரை ஆகும். இப்படி விட்டுவிட்டு வெடிக்கும் கோபக் கோளாறு உள்ள பெரியவர்களுக்குக் கோபமான முகங்களைக் காட்டி ஸ்கேன் எடுத்தபோது, அமிக்டலா மற்றவர்களைவிட அதிகமாகக் கிளர்ந்தது. அடக்க வேண்டிய முன்மூளைப் பகுதி மந்தமாக இருந்தது. சட்டென்று எரிச்சலாகும் குழந்தைகள் பலர் சாதாரண முகத்தைக்கூட முறைப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டில் அடிதடியைப் பார்த்து வளர்வதற்கும் உண்டு.

மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் இறங்கும் டிரைவர் சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பார். பாதிச் சரிவில் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்காது. கோபம் உச்சியில் இருக்கும்போது சொல்லும் புத்திமதியும் அப்படித்தான். அந்த நேரத்தில் குழந்தைக்கு அது ஏறவே ஏறாது. அடித்தாலோ, அமிக்டலாவுக்கு இன்னொரு ஆபத்துச் செய்திதான் போகிறது.

டாக்டர்கள் இதில் இரண்டு கோளாறுகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். முதலாவது, விட்டுவிட்டு வெடிக்கும் கோபம். ஆறு வயதுக்கு மேல்தான் இந்தப் பெயரைச் சொல்வார்கள். திட்டமிடாமல் வரும், பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கும். கத்தல், தள்ளுதல் என்றால் சராசரியாக வாரம் இரண்டு முறை, மூன்று மாதம் தொடர வேண்டும். பொருளை உடைப்பது, காயப்படுத்துவது என்றால் ஓராண்டில் மூன்று முறையே போதும். இடைப்பட்ட நாட்களில் குழந்தை சிரித்து விளையாடும்.

இரண்டாவது, ஓயாத சிடுசிடுப்புக் கோளாறு (ஆங்கிலச் சுருக்கம் DMDD). 2013-இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் புதிதாகச் சேர்ந்தது. இதில் வெடிப்பு வாரத்துக்கு மூன்று முறையாவது, ஓராண்டாவது நீடிக்கும். வெடிக்காத நேரத்திலும் பிள்ளை நாள் முழுக்கச் சிடுசிடுவென்றே இருக்கும். அதனால் டாக்டரிடம் சண்டையை மட்டும் சொல்லாதீர்கள். சும்மா இருக்கும் நாளில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதையும் சொல்லுங்கள். என் கணிப்பில் பெற்றோர் சொல்லத் தவறுவது இதைத்தான். தேதி, நேரம், அதற்கு முன் நடந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது என்று ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெடித்தது எதுவுமே நினைவில்லை என்று குழந்தை சொன்னால் அதையும் மறைக்கக் கூடாது. வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். தூக்கக் குறைவு, பதற்றம், கவனக்குறைவு, படிப்பில் திணறல் இவையும் பின்னால் ஒளிந்திருக்கலாம்.

சரி, அந்த இருபது நிமிடம் என்ன செய்வது? கத்தி, கல் போன்றவற்றை எட்டாத தூரத்தில் வையுங்கள். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். குரலைத் தாழ்த்தி இரண்டொரு சொல் பேசினால் போதும். கேட்டதை அந்த நேரத்தில் கொடுத்துவிடவும் கூடாது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளையும் கற்றுக்கொள்ளும், கொடுத்தால் ஓயும் என்று நாமும் கற்றுக்கொள்வோம். அப்புறம், அடங்கிய பிறகு, வயிறு நிறைந்த நேரமாகப் பார்த்துப் பேசலாம். வெடிப்பதற்கு முன் காது சூடாகிறதா, கை இறுகுகிறதா என்று அவனையே கவனிக்கச் சொல்லலாம். பெற்றோருக்கான பயிற்சியும் குழந்தையோடு பேசிச் செய்யும் மனநலச் சிகிச்சையும் இதைத்தான் முறையாகக் கற்றுத்தருகின்றன. சிலருக்கு மருந்தும் தேவைப்படும்; அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மலையிலிருந்து இறங்கி மனநல டாக்டரைப் பார்ப்பதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். முதலில் 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் அது. தமிழிலேயே பேசலாம்.