நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும்?

அரசமைப்பு வழக்குகளில் வாதாடி வருபவன் என்ற முறையில், ஒரு நாட்டின் அரசமைப்பைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது நாடாளுமன்றத்தின் பதவிக்காலத்தை அல்ல, அதைப் பாதியில் முடிக்கும் பிரிவையே. ‘ஐந்து ஆண்டுகள்’ என்று எழுதிவிட்டு, ‘முன்னதாகக் கலைக்கப்பட்டாலன்றி’ என்று சேர்த்துவிட்டால், அந்த ஐந்து ஆண்டுகள் உச்சவரம்பு மட்டுமே. எதிர்க்கட்சி ஆயத்தமாகாத வேளை பார்த்து ஆளுங்கட்சி தேர்தல் நாளைக் குறித்துக்கொள்ளலாம். போட்டியாளர்களில் ஒருவரே போட்டியின் நாளையும் முடிவுசெய்வது அநியாயம் என்றே கருதுகிறேன்.

ஆனால் பதவிக்காலத்தை நிலைப்படுத்தும் விதி எங்கே எழுதப்படுகிறது என்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது. பிரிட்டன் 2011இல் இயற்றிய சட்டத்தின்படி, முன்கூட்டியே தேர்தல் நடத்த இரண்டே வழிகள்: 650 உறுப்பினர்களில் 434 பேர் இசைய வேண்டும், அல்லது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி, 14 நாட்களுக்குள் எந்த அரசும் அவையின் நம்பிக்கையைப் பெறாமல் போக வேண்டும். 2019 அக்டோபர் 28 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சனுக்குக் கிடைத்தவை 299 வாக்குகளே. மறுநாளே, தேர்தல் தேதியைக் குறிக்கும் தனிச் சட்ட முன்வரைவு கீழவையில் நிறைவேறியது. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. 2022இல் அந்த 2011ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கப்பட்டது.

இலங்கையில் நடந்தது வேறு. 2015இன் 19ஆவது திருத்தம், நான்கரை ஆண்டுகள் முடியும் முன் நாடாளுமன்றத்தைக் கலைக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் தீர்மானம் வேண்டும் என்றது. 2018 நவம்பர் 9 அன்று அத்தகைய தீர்மானம் இல்லாமலே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கலைப்பு வர்த்தமானியை (அரசிதழ் அறிவிப்பை) வெளியிட்டார். டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அது அரசமைப்புக்கு முரண் என்றனர். தடை அரசமைப்பிலேயே தெளிவாக எழுதப்பட்டிருந்ததால்தான் அவ்வாறு தீர்ப்பளிக்க முடிந்தது.

ஆட்சி முடங்கினால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஜெர்மனியில் அடுத்த தலைமை அமைச்சரைத் தேர்ந்தெடுக்காமல், பதவியில் இருப்பவரை அவை நீக்க முடியாது; 1982இல் ஹெல்முட் கோல் அவ்வழியேதான் பதவிக்கு வந்தார். இத்தகைய ஏற்பாட்டோடு, வேறு அரசு அமைவதற்கான கால அவகாசமும் வேண்டும். அது கழிந்த பின்னரே கலைப்புக்கு இடம் தர வேண்டும்.

இலங்கையின் அந்த நான்கரை ஆண்டுகளை 2020இன் 20ஆவது திருத்தம் இரண்டரையாகக் குறைத்தது. 2022இன் திருத்தமும் அதை மீட்கவில்லை. எனவே 2024 செப்டம்பரில் புதிய ஜனாதிபதி நான்கு ஆண்டுகளே கடந்திருந்த நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது அவையின் சம்மதம் தேவைப்படவில்லை. தேர்தலின் முடிவை வரவேற்பவர்களும் அந்த விதியை மீண்டும் நான்கரை ஆண்டுகளுக்கு உயர்த்தக் கோர வேண்டும்.