உஜ்வலா சிலிண்டர்: 300 ரூபாய் மானியம் யாருக்கு, எப்படி வரும், எங்கே நின்றுபோகிறது?

ஏழைக் குடும்பப் பெண்களுக்கு மத்திய அரசு தரும் உஜ்வலா சமையல் எரிவாயு இணைப்பில் சிலிண்டர் வாங்கும்போதும் முழு விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 2025 ஏப்ரல் 8-இல் விலை உயர்ந்தபோது சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868.50 ரூபாய். உஜ்வலா பயனாளியும் மற்றவர்களைப் போலவே அன்றைய முழு விலையைக் கட்ட வேண்டும், 300 ரூபாய் மானியம் பிறகு வங்கிக் கணக்குக்கு வரும். அப்படி வராமல் போவதுதான் பெரும்பாலான வீடுகளின் பிரச்சினை. நூறு நாள் வேலையில் 2025-26-க்குத் தமிழ்நாட்டின் நாள் கூலி 336 ரூபாய். கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி அளவுள்ள பணத்தை விட்டுவிடக் கூடாது.

மானியம் 2022 மே மாதத்தில் 200 ரூபாயாகத் தொடங்கி, 2023 அக்டோபரில் 300 ஆனது. முதலில் ஆண்டுக்கு 12 சிலிண்டர் வரை கிடைத்தது. 2025-26 நிதியாண்டுக்கு அதை 9 ஆகக் குறைத்தார்கள். அதாவது சுமார் 40 நாளைக்கு ஒன்று. 5 கிலோ சிலிண்டர் வாங்கினால் எடைக்கேற்ற விகிதத்தில், சுமார் 105 ரூபாய் கிடைக்கும். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத வீடுகள் பெரிய சிலிண்டரைக் கொடுத்துவிட்டு 5 கிலோவுக்கு மாறிக்கொள்ளலாம். சிலிண்டர் எண்ணிக்கையும் தொகையும் அரசு அவ்வப்போது மாற்றுபவை, அதனால் ஏப்ரலில் ஏஜென்சியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய இணைப்பு 18 வயது நிறைந்த ஏழைக் குடும்பப் பெண்ணின் பெயரில்தான் தரப்படும். டெபாசிட் கிடையாது. ரெகுலேட்டர், டியூப், முதல் சிலிண்டர், அடுப்பு எல்லாம் இலவசம். ஆதார் (வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருடையதும்), ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு விவரம், புகைப்படம், ஏழ்மை நிலை குறித்த உறுதிமொழிப் படிவம் ஆகியவை தேவை. பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்கள் ரேஷன் கார்டுக்குப் பதில் சுய உறுதிமொழி தரலாம்.

தமிழ்நாட்டில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட ஒரு முக்கியக் காரணம், அதே வீட்டில் ஏற்கெனவே ஓர் இணைப்பு இருப்பது. 2007-இல் தொடங்கிய மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தில் மாமியார் பெயரில் வாங்கிய இணைப்பும் இதில் சேரும். மகன் தனிக்குடித்தனம் போன பிறகும் பெயர் பழைய ரேஷன் கார்டிலேயே இருந்தால், கணினி ஒரே குடும்பமாகத்தான் பார்க்கும். முதலில் பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்கிவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.

இனி மானியம் வராததற்கு வருவோம். பணம் நீங்கள் ஏஜென்சியில் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகும் என்று நினைக்க வேண்டாம். ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். எங்கோ சிம் கார்டு வாங்கும்போது கைரேகை வைத்துத் திறந்த பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கில், வீட்டுக்குத் தெரியாமலே மானியம் சேர்ந்துகொண்டிருக்கலாம். மொபைலில் *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கியோடு இணைப்பு இருக்கிறது என்று காட்டும். கணக்கு சரியாக இருந்தும் வரவில்லையா? கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாள விவரம்) புதுப்பிக்காததால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் பாருங்கள்.

அடுத்தது கைரேகை அல்லது முகப் பதிவு. மானியம் தொடர, உஜ்வலா பயனாளி ஒவ்வொரு நிதியாண்டும் ஒருமுறை ஆதார் சரிபார்ப்பு செய்ய வேண்டும். ஏஜென்சியிலோ, சிலிண்டர் கொண்டுவருபவரிடமோ, எரிவாயு நிறுவனத்தின் செயலி மூலம் வீட்டிலேயோ செய்யலாம். இதற்குக் கட்டணம் இல்லை. புது டியூப் வாங்கினால்தான் பதிவு செய்வோம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீங்கள் வாங்காத சிலிண்டர் உங்கள் பெயரில் வாங்கியதாகப் பதிவானால், ஆண்டுக்கு மானியம் கிடைக்கும் சிலிண்டர்களில் ஒன்று போய்விடும். டெலிவரிக்கு முன் மொபைலுக்கு வரும் குறியீட்டு எண்ணை, சிலிண்டர் கைக்கு வந்த பிறகே சொல்லுங்கள். ஏஜென்சியில் பழைய மொபைல் எண் இருந்தால் அந்தக் குறியீடு யாருக்கோ போகும். அதை இன்றே மாற்றுங்கள். எந்தெந்தத் தேதியில் சிலிண்டர் பதிவானது, மானியம் எந்த வங்கிக்குப் போனது என்பதை மைஎல்பிஜி இணையதளத்தில் உங்கள் இணைப்பின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

வாங்கும்போது எடை போடச் சொல்வது உங்கள் உரிமை. சிலிண்டரின் மேல் பகுதியில் காலி எடை பொறித்திருக்கும். 15.3 என்று இருந்தால், நிறைந்த சிலிண்டர் 29.5 கிலோ இருக்க வேண்டும். அங்கேயே உள்பக்கம் ஏ, பி, சி, டி (ஆண்டின் நான்கு காலாண்டுகள்) எழுத்தோடு ஆண்டு இருக்கும். அது சிலிண்டரை அடுத்துச் சோதிக்க வேண்டிய கெடு. ‘பி 27’ என்றால் 2027 ஜூன் வரை செல்லும். அது கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள். ரசீதில் இல்லாத பணமும் கொடுக்க வேண்டியதில்லை.

விறகடுப்பும் கேஸும் ஒரே அறையில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவி விறகடுப்பை எட்டும். குளிக்க வெந்நீர் போடும் அடுப்பை வெளியே வையுங்கள். டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவு இருந்தால் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

சிலிண்டர் விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் நிறுவனங்களின் காப்பீட்டில் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரை உண்டு. இதற்காக நீங்கள் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டாம். வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் இணைப்பு பதிவான முகவரியில் நடந்தால் மட்டுமே. வீடு மாறினால் முகவரியையும் மாற்றுங்கள்.

மானியப் புகாருக்கு 1800-233-3555, உஜ்வலா உதவிக்கு 1800-266-6696. பதிவு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.