என்கிரிப்ஷன்: குறியாக்கமா, மறையாக்கமா?

புது ரவுட்டர் மாட்ட வந்த தம்பி பத்தே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு, "பாஸ்வேர்டு உங்க போன் நம்பர்தான் சார், மறக்கவே மறக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் உலாவியில் 192.168.1.1 என்று தட்டி, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். வயர்லெஸ் செக்யூரிட்டி என்ற தலைப்பின் கீழே என்கிரிப்ஷன் என்று ஒரு பெட்டி. சாவி எனப்படும் ரகசியம் கையில் இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றிவிடுவதுதான் என்கிரிப்ஷன். இந்தச் சொல்லுக்குத் தமிழில் குறியாக்கம், மறையாக்கம் என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. முடிவு செய்ய முடியாதவர்கள் இரண்டையும் ஒட்டி மறைகுறியாக்கம் என்கிறார்கள்.

மூலம் கிரேக்கம். 'கிரிப்டோஸ்' என்றால் மறைந்தது, ஒளிந்தது. பழைய தேவாலயங்களின் அடியில் இருக்கும் நிலவறையை ஆங்கிலத்தில் 'கிரிப்ட்' என்பதும் இதே வேரிலிருந்துதான். முன்னால் 'என்' சேர்ந்தால் மறைவுக்குள் வைப்பது. குறி என்ற பொருள் இதில் எங்கும் இல்லை.

இதன் உறவுச் சொல்லான 'சைஃபர்', அதாவது ரகசிய எழுத்துமுறை, வந்த வழி வேறு. அரபியில் 'ஸிஃப்ர்' என்றால் வெறுமை, பூச்சியம். நம் பெரியவர்கள் கணக்கில் "ரெண்டு சைபர்" என்பது இந்தச் சொல்தான். சைபர் கிரைமில் உள்ள சைபருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது கப்பலோட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

குறியாக்கம் நல்ல சொல்தான், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியலான யூனிகோடில் 'அ' என்ற எழுத்தின் எண் 2949. எழுத்தை இப்படி எண்ணாக்குவதுதான் குறியாக்கம், அதாவது என்கோடிங். பட்டியல் ஊரறிந்தது, யார் வேண்டுமானாலும் திரும்ப எழுத்தாக்கலாம். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்கு இருந்த டிஸ்கி என்ற பட்டியலில் எழுதிய பழைய மின்மடல்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தது பலருக்கு நினைவிருக்கும். யாரும் எதையும் மறைக்கவில்லை, பட்டியல் மாறிப்போனது, அவ்வளவுதான். என்கிரிப்ஷனில் செய்முறை ஊருக்கே தெரிந்திருந்தாலும் சாவி இல்லாமல் படிக்க முடியாது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒரே சொல்லில் போட்டு அடைப்பது எனக்கு உவப்பில்லை. மறையாக்கம் என்று வைத்துக்கொண்டால் எதிர்ச்சொல்லும் மறைநீக்கம் என்று தானே வந்து நிற்கிறது.

மறை என்றால் ரகசியம் என்பது பழைய பொருள். கயமை அதிகாரத்தில் வள்ளுவர், "அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்" என்கிறார் (1076). கேட்ட ரகசியத்தை ஊருக்கெல்லாம் கொண்டுபோய்ச் சொல்பவன் அடிக்கப்படும் பறை. மறையாக்கம் இல்லாத வைஃபையும் அப்படித்தான்: அலை நம் சுவரோடு நிற்காமல் மாடிப்படி, பக்கத்து வீடு, தெருமுனை டீக்கடை வரை போகும். மறையாக்கம் அலையைத் தடுப்பதில்லை. சாவி இல்லாதவன் காதில் அதை வெறும் இரைச்சலாக்கிவிடுகிறது.

வைஃபைக்கு 1997இல் வந்த முதல் மறையாக்க முறையான 'வெப்' (WEP) என்பதன் விரிவு, கம்பிக்கு நிகரான அந்தரங்கம். பெயரில் இருந்த நம்பிக்கை நான்கு ஆண்டு தாங்கியது. 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் அதன் ஓட்டையை வெளியிட்டார்கள். அதற்கு மாற்றாக 2003இல் டபிள்யூபிஏ (WPA), 2004இல் டபிள்யூபிஏ2, 2018இல் டபிள்யூபிஏ3 வந்தன. பெட்டியில் கடைசி இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். மறையாக்கும் செய்முறை ஏஇஎஸ்ஸா (AES), பழைய டிகேஐபியா (TKIP) என்று கேட்டால் ஏஇஎஸ்.

அதே பக்கத்தில் பிஎஸ்கே (PSK) என்றும் இருக்கும். முன்கூட்டியே பகிர்ந்துகொண்ட சாவி என்று பொருள். நாம் இதையும் கடவுச்சொல் என்கிறோம். கடவு என்றால் வழி. கடவுச்சொல் வாசலில் சொல்லி உள்ளே போகும் சொல். வைஃபையில் அது அதற்கும் மேலே. டபிள்யூபிஏ2இல் நாம் தரும் சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4096 முறை அரைத்துத்தான் 256 பிட் சாவி செய்யப்படுகிறது. சொல் எளிதென்றால் சாவியும் எளிது.

போன் நம்பருக்கு வருவோம். நம் ஊர் கைபேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி வாய்ப்பு. பெரிதாகத் தோன்றும். ஆனால் நம் போன் இணையும்போது ரவுட்டரோடு கைகுலுக்கும் அந்த ஒரு நொடியின் அலைப் பரிமாற்றத்தை ஒருவன் பதிந்துகொண்டு போனால், நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினி அத்தனையையும் சில மணி நேரத்தில் முயன்று பார்த்துவிடும். நம்மை அறிந்தவனுக்கு அந்தச் சிரமமும் இல்லை. டபிள்யூபிஏ3இல் இப்படி எடுத்துப்போய் உடைக்கும் வித்தை பலிக்காது.

எங்கள் பழைய டிவிக்கு டபிள்யூபிஏ3 தெரியாது. அதனால் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வைத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துச் சாவியாக்கினேன். 27 எழுத்து. டிவி ரிமோட்டில் ஒவ்வொன்றாகத் தேடி அமுக்கிய மகள், பதினெட்டாவது எழுத்தில் தப்பு செய்து முதலிலிருந்து தொடங்கினாள்.