வாணலியில் குடிப்பதில்லை

“கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனால் ஃப்ரைஸ் வாங்கித் தராமல் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வர முடியாது. அதையே வீட்டில் புது எண்ணெயில் போட்டுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தொளதொளத்துப் போகிறது. கடையில் அப்படி என்னதான் கலக்கிறார்கள்?” என்று அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கூடவே ஒரு பின்குறிப்பு: “ஒருவேளை வீட்டில் செய்வதுதான் அதிகம் எண்ணெய் குடிக்கிறதோ?”

கலப்படக் கேள்விக்குப் பதில் சின்னது. உறைய வைத்து வரும் ஃப்ரைஸில் வழக்கமாக இரண்டு பொருள்கள் சேர்கின்றன. ஒன்று, சோடியம் அமில பைரோபாஸ்பேட். வெந்த கிழங்கு சாம்பல் நிறத்துக்கு மாறுவதற்கு அதிலுள்ள இரும்புதான் காரணம். அந்த இரும்பை இது பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ். எல்லாக் குச்சியும் ஒரே பொன்னிறத்தில் வருவதற்கு. இரண்டுக்கும் மொறுமொறுப்போடு சம்பந்தம் கிடையாது. செயின் கடைகள் மீதான இந்தச் சந்தேகம் பெங்களூருக்குப் பழையது. 1995-ல் பிரிகேட் ரோட்டில் கே.எஃப்.சி. இந்தியாவின் முதல் கிளையைத் திறந்த சில மாதங்களிலேயே, அஜினோமோட்டோ அளவு மீறியதாகச் சொல்லி மாநகராட்சி அதை மூட வைத்தது. விவகாரம் நீதிமன்றம் போனது. அந்தப் பொருளின் சாரமான குளுட்டமேட் பழுத்த தக்காளியிலும் இயல்பாகவே இருக்கிறது. தக்காளி ரசத்துக்கு யாரும் வழக்குப் போடவில்லை.

பின்குறிப்புக்கு வருவோம். அந்தச் சந்தேகம் நியாயமானது. காரணம் வாணலிக்குள் நடப்பதைவிட, வாணலியிலிருந்து எடுத்த அரை நிமிடத்தில் நடப்பதுதான்.

அதற்கு முன் கிழங்கைப் பற்றிக் கொஞ்சம். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி மாவு. அந்த மிச்சம் 20 சதவீதத்தைத் தொட்டால்தான் ஃப்ரைஸ் தொழிற்சாலை கிழங்கை மதிக்கும். ரஸல் மார்க்கெட்டில் வாங்கும் கிழங்கு தேறுமா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 120 கிராம் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவு அதிகம், ஃப்ரைஸுக்கு ஆகும். மிதந்தால் குருமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறந்தும் ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கை எடுக்க வேண்டாம். 4 டிகிரிக் குளிரில் கிழங்கு தன் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். பொரித்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிக் கசக்கும். 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பொரித்த உணவில் கண்டு உலகையே பதற வைத்த, புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு உள்ளான அக்ரிலமைடும் இந்தச் சர்க்கரை கூடும்போது கூடும்.

நம் கர்நாடகத்தில் ஹாசன் பக்கம் நெடுங்காலமாக விளைவது குஃப்ரி ஜோதி, 1968-ல் வெளிவந்த ரகம். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் சிப்ஸுக்கென்றே குஃப்ரி சிப்சோனா ரகங்களை 1998-ல் தந்தது, பிறகு ஃப்ரைஸுக்கென்று குஃப்ரி ஃப்ரைசோனாவையும். ஒரு ரகத்தை உருவாக்கி வயலுக்குக் கொண்டுவரப் பத்து ஆண்டுக்கு மேலாகும். ஆனால் ஆராய்ச்சிக்குப் பணம் வருவதோ பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைகளில். கிழங்கு அரசாங்கத்தின் நிதியாண்டைப் பார்த்து முளைப்பதில்லை என்பதை யாராவது டெல்லிக்கு எடுத்துச் சொன்னால் தேவலை.

தொழிற்சாலையில் நடப்பதை வேகமாகச் சொல்லிவிடலாம். தோல் நீக்கி, ஒரே பருமனில் குச்சியாக வெட்டி, கொதிக்காத வெந்நீரில் அரைவேக்காடு. மேல் ஈரத்தை உலர்த்தி, எண்ணெயில் ஒரு நிமிடம் போலப் பொரித்து, உறைய வைப்பார்கள். உறையும்போது உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் கிழங்கின் செல் சுவர்களைக் குத்திக் கிழிக்கும். அதனால்தான் இரண்டாம் முறை பொரிக்கையில் தண்ணீர் தடையில்லாமல் வெளியேறி, உள்பகுதி இட்லி மாதிரி பொலபொலவென்று ஆகிறது. சில வகைகளில் அரிசிமாவும் ஸ்டார்ச்சும் கலந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு கொடுப்பார்கள். பஜ்ஜி மாவில் ஒரு கரண்டி அரிசிமாவு சேர்க்கும் அதே தந்திரம்தான்.

இனி எண்ணெய். 175 டிகிரி எண்ணெயில் ஒரு குச்சியை விட்டதும் ‘சுர்ர்’ என்று நுரை கிளம்புகிறதே, கொதிப்பது எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் கொதிக்காது. கொதிப்பது கிழங்குக்குள் இருக்கும் தண்ணீர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் அது 97 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் இருக்கும்வரை குச்சியின் நடுப்பகுதி ஏறக்குறைய அந்தச் சூட்டைத் தாண்டாது. வெளிப்புறத்தில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தோல் காய்ந்து, எண்ணெயின் சூட்டை நெருங்கிப் பொன்னிறமாகும். மொறுமொறுப்பு என்று நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த ஒரு மில்லிமீட்டரைத்தான்.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் கிட்டத்தட்ட 1.7 லிட்டர் இடம் பிடிக்கும். 100 கிராம் ஃப்ரைஸ் பொரிந்து முடிவதற்குள் 30 கிராம் தண்ணீரை இழப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 50 லிட்டர் ஆவி. வீட்டு வாசலில் வந்து இறங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டரை நிரம்பும். கைப்பிடியளவு கிழங்கு இவ்வளவையும் மூன்று நிமிடத்தில், தோலிலுள்ள நுண்துளைகள் வழியாக ஊதித் தள்ளுகிறது. அந்தத் துளைக்குள் எண்ணெய் நுழையப் பார்ப்பது, காலை ஒன்பது மணிக்கு மெஜஸ்டிக் மெட்ரோவில் கூட்டம் இறங்கும்போது எதிர்த்து ஏறப் பார்ப்பதைப் போன்றது. ஆகவே நுரை பலமாக இருக்கும்வரை குச்சி எண்ணெயை அதிகம் குடிப்பதில்லை. குடிக்க வழி குறைவு.

இப்போது கரண்டியில் அள்ளி வெளியே எடுக்கிறீர்கள். குச்சியின் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டு வருகிறது. காற்று பட்டதும் தோல் ஆறத் தொடங்குகிறது. துளைகளுக்குள் நிறைந்திருந்த ஆவி குளிர்ந்து மறுபடியும் நீர்த்துளியாகச் சுருங்குகிறது. 1.7 லிட்டர் இடத்தை அடைத்திருந்தது ஒரு மில்லிலிட்டராகிவிட்டால் மிச்ச இடத்தில் என்ன இருக்கும்? ஏறக்குறைய வெற்றிடம். சுடச்சுடக் குழம்பை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி இறுக மூடி, ஆறிய பிறகு மூடியைத் திறக்க முடியாமல் தவிப்போமே, அதே வெற்றிடம்தான். டப்பாவுக்கு மூடி இருக்கிறது. குச்சிக்கு மூடியாக இருப்பது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய். வெளியிலிருந்து காற்று அழுத்த, எண்ணெய் சர்ரென்று துளைக்குள் இறங்கிவிடுகிறது. ‘குடிக்கிறது’ என்று நம் பாட்டிமார் வைத்த பெயர் பௌதிகப்படியே சரி, உறிஞ்சித்தான் குடிக்கிறது. குடிக்கும் இடத்தைத்தான் தவறாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

இது வெறும் ஊகமில்லை. சாயம் கலந்த எண்ணெயைப் பொரித்து முடிக்கும் தறுவாயில் ஊற்றிப் பார்த்தார்கள். எடுத்த குச்சிக்குள் சாயம் போயிருந்தது. சோள டார்ட்டிலா சிப்ஸை வைத்து அளந்தபோது, மொத்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே பொரியும்போது ஏறியிருந்தது. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானது ஆறும்போது இறங்கியிருந்தது. மிச்சம் மேலேயே ஒட்டிக் கிடந்தது. இன்னும் நேரடியான சாட்சி வேண்டுமென்றால், பாக்கெட்டில் வரும் வாக்வம் பலாச்சுளை சிப்ஸைப் பாருங்கள். காற்றை உறிஞ்சி எடுத்த பாத்திரத்தில் அதைப் பொரிக்கிறார்கள். பொரித்ததும் கூடையை எண்ணெய்க்கு மேலே தூக்கி, காற்றை உள்ளே விடாமலே வாஷிங் மெஷின் போலச் சுழற்றி எண்ணெயை உதறுவார்கள். அதன் பிறகுதான் வால்வைத் திறப்பார்கள். உதறாமல் திறந்தால், உள்ளே பாயும் காற்றே மேலிருக்கும் எண்ணெய் அத்தனையையும் சிப்ஸுக்குள் தள்ளிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு செயின் கடையின் கவுன்ட்டரில் நின்று பாருங்கள். மணி அடித்ததும் கூடையை எண்ணெய்க்கு நேர்மேலே தூக்கி மாட்டி, சில நொடி உலுக்குகிறார்கள். அங்கே காற்றே சூடாக இருப்பதால் ஆவி இன்னும் வெளியே வந்தபடி இருக்கும், வெற்றிடம் உருவாகியிருக்காது, ஒட்டிய எண்ணெய் சொட்டிவிடும். அடுத்து நேராக விளக்கின் சூட்டுக்குக் கீழே கொட்டுகிறார்கள். உப்பும் அந்தக் கணத்திலேயே. வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? அடுப்பைத் தணித்து, அள்ளி, உலுக்காமல் ஒரு கிண்ணத்தில் குவியலாகக் கொட்டுகிறோம். அடியிலிருக்கும் குச்சிகள் மேலிருந்து வடியும் எண்ணெயில் ஊறியபடியே ஆறுகின்றன. நிதானமாக உட்கார்ந்து குடிக்கின்றன.

எனவே வீட்டில் மாற்ற வேண்டியது முதலில் கை வேலை. ஜல்லிக்கரண்டியை எண்ணெய்க்கு ஒரு சாண் மேலே பிடித்துப் பதினைந்து நொடி உலுக்குங்கள். பிறகு கம்பித் தட்டிலோ உறிஞ்சும் தாளிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை உணவில் இறங்கும். பூரிக்கும் வடைக்கும்கூட இதே விதிதான். முறுக்கோ அதிரசமோ எண்ணெய் குடித்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கண்பட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடும் வீடுகள் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கின்றன, கோரமங்கலா அபார்ட்மென்ட்களிலும் இருக்கின்றன. அந்த உப்பைக் கிழங்கு சோதிக்கும் தண்ணீரில் போட்டிருந்தால் பயனாவது இருந்திருக்கும்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ கிழங்கைச் சுண்டுவிரலைவிட மெல்லியதாக, 9 மில்லிமீட்டர் குச்சிகளாக வெட்டுங்கள். மெலிய வெட்ட வெட்ட மேற்பரப்பு கூடி எண்ணெயும் கூடும். சிப்ஸின் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாக இருப்பது அதனால்தான். மாவுப்பால் போகும்வரை கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு எட்டு நிமிடம் மெல்லிய கொதியில் வேகவிடுங்கள். வினிகரின் புளிப்பு செல்களை ஒட்டும் பெக்டினைக் கரையவிடாது, குச்சி உடையாது. வடித்து, துணியில் பரப்பி, மேல் ஈரம் போனதும் 175 டிகிரியில் ஒரு நிமிடம் பொரித்தெடுத்து ஆறவிட்டு, ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் உருகவிடாமல், பனியோடு, 180 டிகிரியில் மூன்று முதல் நான்கு நிமிடம்.

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 150 கிராமுக்கு மேல் போடாதீர்கள். அந்த 150 கிராமின் பனியை உருக்கிச் சூடாக்கவே எண்ணெய் 30, 40 டிகிரி இறங்கிவிடும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் நுரை அடங்கிப்போகும். ஆவி உள்ளிருந்து தள்ளாது, தோலும் காயாது.

எண்ணெயின் வயதும் முக்கியம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சோப்பு மாதிரி வேலை செய்யும் பொருள்கள் சேர்கின்றன. எண்ணெய் கெட்டியாகி, குச்சியோடு அதிகம் ஒட்டுகிறது. ஒட்டியது அதிகமானால் உறிஞ்சுவதும் அதிகம். 2018 ஜூலை முதல், துருவச் சேர்மங்கள், அதாவது காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து உருவாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. பெரிய கடைகளில் அதை அளக்கக் கையடக்கக் கருவி உண்டு. வீட்டில் எண்ணெய் கறுத்து, ஓரத்தில் அடங்காத சிறு நுரை கட்டினால் அதுதான் கருவி.

இப்போது ஊரெங்கும் பெரி பெரி என்ற காரப்பொடி மோகம். காகிதப் பையில் பொடியைத் தூவிக் குலுக்குவது வெறும் வேடிக்கையில்லை. பொடி ஒட்டுவதற்கு மேலே ஈர எண்ணெய் வேண்டும். அது உள்ளே இறங்கும் முன்பே தூவிவிட வேண்டும். இரண்டு நிமிடம் தாமதித்தால் பொடி அத்தனையும் பையின் அடியில் கிடக்கும்.

மற்றபடி டெலிவரியில் வரும் ஃப்ரைஸை யாராலும் காப்பாற்ற முடியாது. காய்ந்த தோல் கண்ணாடி போன்ற நிலையில் இருப்பதால்தான் கடித்தால் நொறுங்குகிறது. நடுவிலிருக்கும் ஈரம் மெல்ல வெளியே கசிந்து அதை ரப்பராக்கிவிடும். மூடிய டப்பாவில் ஆவியும் சேர்ந்துகொள்ளும். செயின் கடைகள் பொரித்ததை ஏழு நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கத் தயங்குவது இதனால்தான். சில்க் போர்டு சிக்னலிலேயே அந்த ஏழு நிமிடம் போய்விடும். வந்ததை மைக்ரோவேவில் வைத்தால் உள்ளிருக்கும் மிச்ச ஈரமும் தோலுக்கு வந்து நிலைமை மோசமாகும். தோசைக்கல்லைக் காயவைத்து, ஒற்றை அடுக்காகப் பரப்பி, மூடாமல், நடுவில் ஒரு முறை திருப்பி நான்கு நிமிடம் விடுங்கள். ஈரம் போனதும் தோல் மறுபடி கண்ணாடியாகும். கல்லில் எண்ணெய் விட வேண்டாம். வேண்டியதெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.